மூணுகல்லுத் தோட்டத்துக் கொப்பளிப்பு வாளி

மூணுகல்லுத் தோட்டத்தில் பதினோரு வருஷம் மற்றவர்களின் நாக்குக்கு அடியில் காய்ச்சல் குச்சி வைத்த மனிதர் அழகுமுத்து. அவரைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. எழுதக்கூடியவர்கள் அந்தத் தோட்டத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் பெரிய கிளாக்கர். அவர் எழுதினால் அழகுமுத்துவுக்கு நல்லதாக இருக்காது. மற்றவன் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாராகிய நான். நான் எழுதினால் எனக்கு நல்லதாக இருக்காது. அதனால்தான் இத்தனை காலம் தள்ளிப் போட்டேன்.

திம்புள்ளப் பக்கம், அக்கரபத்தனையிலிருந்து நாலு மைல் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். 1948இல் அங்கே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அழகுமுத்துவின் கத்தி நழுவி, அவருடைய இடது கணுக்காலில் இறங்கியது. ஐந்து வாரம் டிஸ்பென்சரி விறாந்தையில் கிடந்தார். சும்மா கிடக்கத் தெரியாத மனிதர். படுத்தபடியே கட்டுத் துணி சுருட்டினார், உட்கார முடிந்ததும் மருந்துப் போத்தல் கழுவினார். கால் ஆறியபோது நடையில் ஒரு நொண்டல் தங்கிவிட்டது. இனி மலை ஏற இவனால் ஆகாது என்று அப்போதிருந்த கிழட்டு மருந்துக்காரர் அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஒரு வெள்ளைக் கோட்டும் கிடைத்தது. முன்பு இருந்தவர் யானை மாதிரி ஆளாக இருந்திருக்க வேண்டும், அழகுமுத்து கையை மூன்று மடிப்பு மடித்துத்தான் போட்டுக்கொள்வார்.

அவருடைய வேலை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவதற்குள், வருத்தக்காரர்கள், அதாவது நோயாளிகள், டிஸ்பென்சரிக்கு வந்து சீட்டு வாங்கிவிட வேண்டும். சீட்டு இல்லாமல் லயத்து வரிசை வீட்டில் படுத்துக் கிடந்தால் கங்காணி வந்து கதவைத் தட்டுவார். அடுத்த நாள் வேலைக்குப் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, எதுவானாலும் எழுந்து நடந்து வந்து வரிசையில் நின்றாக வேண்டும். நிற்க முடிந்தவனுக்கு என்ன வருத்தம் என்று கேட்கலாம், நிற்க முடியாதவனைச் சீட்டு வாங்க வரவில்லை என்று தண்டிக்கலாம். இவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாட்டை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

அழகுமுத்துவிடம் ஒரு வித்தை இருந்தது. வருகிறவரின் காதுக்குக் கீழே, கழுத்தில் தன் புறங்கையை வைப்பார். குச்சி மூன்று நிமிஷம் கழித்துச் சொல்வதை அவர் கை உடனே சொல்லிவிடும். கிழட்டு மருந்துக்காரர் குச்சியைப் பார்க்கும் முன் "கை என்ன சொல்லுது?" என்று கேட்பார். "நூத்தியொண்ணுங்கய்யா" என்பார் அழகுமுத்து. குச்சியும் அதையேதான் சொல்லும். லயத்துப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் குடியிருந்த காம்பரா வாசலுக்கே போய், "தொட்டுச் சொல்லுங்கண்ணே" என்று கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். கோட்டு போட்டிருக்கும்போதுகூட அந்தப் பெருமை வராது.

பிறகு கிழவர் போனார், அருளம்பலம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை, மருந்து கலக்கப் படித்தவர். இருந்தாலும் தோட்டமே டாக்டரையா என்றுதான் கூப்பிட்டது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பெண் பிள்ளைகள், மூவரும் அட்டன் டவுனில் படித்தார்கள். வீடு தோட்டத்து வீடு, விறகு தோட்டத்து விறகு, பால்கூடத் தோட்டத்து மாட்டுப் பால். துரைக்கு அவரைப் பிடிக்காமல் போனால் அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். அந்தப் பயத்தை அவர் தினமும் காலையில் சட்டையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு வருவார்.

1957இல் கேடயம் வந்தது. எங்கள் தோட்டத்தையும் அக்கம்பக்கத்து ஐந்து தோட்டங்களையும் நடத்திய கம்பெனி, எந்தத் தோட்டத்தில் வருத்தக்காரர்கள் குறைவோ அந்தத் தோட்டத்துக்கு வருஷா வருஷம் ஒரு வெள்ளிக் கேடயம் என்று அறிவித்தது. வருத்தத்தைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. ஐந்தாம் லயத்துச் சனங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு நேர் மேலேதான் ஆறாம் லயத்துக் கக்கூஸ் இருந்தது. அதை இடம் மாற்றலாம். பீலிக்குக் குழாய் போடலாம். எல்லாம் செலவு. வருத்தக்காரரைக் குறைப்பதென்றால் அவ்வளவு செலவில்லை, ஒரு வாளித் தண்ணீர் போதும். ஆனால் அது முதலில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பெரிய துரை யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. மாரியம்மன் கோயிலில் வைத்துக் கேட்டாலும் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். "போன மாதம் அறுபத்திரண்டு பேர். பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தெட்டு. ஏன்?" என்று மட்டும்தான் டாக்டரையாவைக் கேட்டார். டாக்டரையா அந்தக் கேள்வியை டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்து அழகுமுத்துவிடம் கேட்டார். அழகுமுத்துவுக்குக் கீழே கேட்பதற்கு ஆள் இல்லை. காய்ச்சல் குச்சிதான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் கிழவர் செல்லசாமி வாய் நிறைய வெற்றிலையோடு வரிசைக்கு வந்தார். "இந்த வாயில எப்புடிக் குச்சி வைக்கிறது? கொப்புளிச்சிட்டு வா, பெரியப்பா" என்று அழகுமுத்து அனுப்பினார். வெளியே தகரப் பீப்பாயில் இரவெல்லாம் பனியில் கிடந்த தண்ணீர், பல் கிட்டித்துப் போகும். கிழவர் மூன்று வாய் அள்ளிக் கொப்பளித்துவிட்டு வந்தார். அழகுமுத்துவின் கை நூற்றியொன்று என்றது. குச்சி தொண்ணூற்றெட்டரை என்றது. அழகுமுத்து குச்சியை உதறி மறுபடி வைக்கப் போனார். பின்னால் நின்ற டாக்டரையா அதை வாங்கிப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார்.

"நாளையிலிருந்து எல்லாரும் வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வரட்டும்" என்றார். "சுத்தம்தானே."

அடுத்த நாள் அக்கரபத்தனை ஹுசைன் நானா கடையிலிருந்து ஒரு புதுத் தகர வாளியும் ஒரு குவளையும் வந்தன. முதல் நாள் மாலையே வாளியைப் பீலியில் நிரப்பி, பனி விழும் இடத்தில் வைப்பது அழகுமுத்துவின் வேலை. நூறு டிகிரிக்குக் குறைந்தால் சீட்டு இல்லை, மலைக்குத்தான் போக வேண்டும். ஒரு கொப்பளிப்புக்கு அடங்காத காய்ச்சலுக்கு "இன்னொரு வாய்" என்று ஒரு வசதியும் இருந்தது. அடுத்த மாதம் அறுபத்திரண்டு முப்பதானது. அதற்கடுத்த மாதம் பத்தொன்பது. டாக்டரையாவைத் துரை பங்களாவுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாராம்.

ஸ்டாப் ஆட்களுக்கு, அதாவது மாதச் சம்பளக்காரர்களுக்கு, கொப்பளிப்பு கிடையாது. கிளாக்கர், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர், வாத்தியார் எல்லாரையும் உள் அறையில் பெஞ்சில் உட்கார வைத்து, மரியாதைக்குச் சுடச்சுட ஒரு குவளைத் தேநீர் கொடுத்த பிறகுதான் குச்சி வைப்பார்கள். அதனால் மூணுகல்லுத் தோட்டத்தில் காய்ச்சல் என்பது பெரும்பாலும் படித்தவர்களுக்கு வருகிற வியாதியாகிவிட்டது. இதில் எந்தக் கள்ளத்தனமும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

அழகுமுத்துவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். யாரும் எதையும் கேட்டு வாங்கவில்லை, யாரும் எதையும் பேரம் பேசிக் கொடுக்கவும் இல்லை. அவர் மனைவி வீரம்மாவைப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து எடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகப் போட்டார்கள். மழையில் ஒழுகிய காம்பராவுக்குப் பதிலாகப் புதுத் தகரம் போட்ட காம்பரா கிடைத்தது. கோட்டுகூட அளவெடுத்துத் தைத்த புதுக் கோட்டு. அதில் இரண்டு பெரிய பைகள் இருந்தன. அந்தக் கோட்டு வந்த பிறகு அவர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். குச்சியை வைத்துவிட்டு இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொள்வார். யாராவது "தொட்டுச் சொல்லுங்கண்ணே" என்றால் "அதான் குச்சி இருக்கே" என்பார். தொட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் கொப்பளிக்கச் சொல்ல வாய் வராது. இது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

முதல் வருஷமே கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. விழாவுக்கு வரவேற்புப் பாட்டு எழுதியவன் நான். "நோயில்லா மலை எங்கள் மலை" என்று தொடங்கும். பாடிய இருபது பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகியது. துரை கேடயத்தை டாக்டரையாவிடம் கொடுக்க, டாக்டரையா அழகுமுத்துவையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்திலும் அழகுமுத்துவின் கைகள் பைக்குள்தான் இருக்கின்றன.

1959 மார்கழிக்கு வருகிறேன். வருஷக் கணக்கு முடிய இரண்டு வாரத்துக்கும் குறைவாகவே இருந்தது. எங்களுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஆறே ஆறு பேர்தான் வித்தியாசம்.

ஐந்தாம் லயத்துக் காளியாயிக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. இருபத்தாறு வயது. புருஷன் போன வருஷம் மண்சரிவில் போய்விட்டான், மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்று. முதல் நாள் வரிசையில் நின்று, "ராவெல்லாம் ஒடம்பு காயுதுண்ணே" என்றாள். கொப்பளித்தாள். தொண்ணூற்றெட்டு. "ஒண்ணுமில்ல தாயி, மலைக்குப் போ." இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இன்னொரு வாய் கொப்பளிக்க வேண்டியிருந்தது. நாலாம் நாள் கொழுந்துக் கூடையோடு மலையில் விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, அரைநாள் சம்பளத்துக்குப் பேர் போட்டு அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் நானும் டிஸ்பென்சரியில் இருந்தேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. அட்டனில் ஒரு புதுப் படம் வந்திருந்தது. மாலைக் காட்சி பார்த்துவிட்டு அங்கேயே தங்கி வர இரண்டு நாள் லீவு வேண்டும். உள் அறைப் பெஞ்சில் உட்கார்ந்து தேநீரை வழக்கத்தைவிட அதிக நேரம் வாயில் வைத்திருந்தேன். குச்சி நூறு புள்ளி நாலு காட்டியது. அழகுமுத்து என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு டாக்டரையாவிடம் எண்ணைச் சொன்னார். டாக்டரையா "கவனமாய் இருங்கோ மாஸ்டர்" என்று சீட்டு எழுதித் தந்தார். அதை மடித்துப் பையில் வைக்கும்போதுதான் வெளியே பேச்சு கேட்டது.

"கொப்புளிக்க மாட்டேண்ணே."

எட்டிப் பார்த்தேன். காளியாயி வாளிக்கு முன்னால், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தாயி இது? எல்லாரும்தானே கொப்புளிக்கிறாங்க" என்றார் அழகுமுத்து.

"நாலு நாளா கொப்புளிச்சேன். நாலு நாளும் காய்ச்சல் இல்லைன்னீங்க. நாலு நாளும் கொழுந்து எடுத்தேன். இன்னைக்கு அந்தக் குச்சி வேணாம். ஒங்க கைய வச்சுப் பாருங்க. முந்தி பாப்பீங்களே, அப்புடி. காய்ச்சல் இல்லைன்னு ஒங்க கை சொல்லிச்சுன்னா பேசாம மலைக்குப் போயிர்றேன். எம்புள்ள மேல சத்தியம்."

அழகுமுத்துவின் கை கோட்டுப் பைக்குள்ளிருந்து வர நெடுநேரம் பிடித்தது. ஏதோ உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி இழுத்து எடுத்தார். காதுக்குக் கீழே வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அவர் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். பிறகு கொப்பளிக்காத அந்த வாயில் குச்சியை வைத்து, மூன்று நிமிஷம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, எடுத்து, சத்தமாகச் சொன்னார்.

"நூத்தி நாலு."

உள்ளேயிருந்து டாக்டரையாவின் குரல் வந்தது. "அவள் கொப்பளிச்சவளோ?"

"இல்லைங்கய்யா."

"அப்ப அது சரிவராது. கொப்பளிக்கப் பண்ணிப்போட்டு வையும்."

"நூத்தி நாலுங்கய்யா. நெருப்புக் காய்ச்சல் மாதிரி இருக்கு."

டாக்டரையா வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அழகுமுத்து, இன்னும் ஒன்பது நாள்தான் கிடக்கு. எனக்கும் பிள்ளையள் இருக்கு. வீரம்மாவுக்கும் வேலை இருக்க வேணும். யோசிச்சுப் பாரும்."

அழகுமுத்து யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். நொண்டிக் காலைத் தூக்கி வாளியை ஓர் உதை விட்டார். வாளி உருண்டு, தண்ணீர் விறாந்தை முழுதும் ஓடி டாக்டரையாவின் காலிலிருந்த சப்பாத்தை நனைத்தது. அப்புறம் அவர் யாரையும் கேட்கவில்லை. வரிசை நெடுக நொண்டிக்கொண்டே போய் ஒவ்வொரு கழுத்திலும் கையை வைத்தார். "கொதிக்குது. இங்கிட்டு நில்லு. கொதிக்குது. நீயும் நில்லு." பதினேழு பேர் தனியாக நின்றார்கள். பதினான்கு பேர் ஐந்தாம் லயம், அதே பீலித் தண்ணீர் குடித்தவர்கள். கடைசியில் கிழவர் செல்லசாமி நின்றார், வாய் நிறைய வெற்றிலையோடு.

பதினேழு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது டாக்டரையாவால் என்ன செய்ய முடியும்? ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதினார். கொழுந்து லொறி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு டவுன் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனது. அதே ரோட்டில் அரை மணி நேரம் கழித்து நான் பஸ் பிடித்து அட்டனுக்குப் போனேன். படம் நன்றாக இருந்தது.

நெருப்புக் காய்ச்சல்தான், டைபாயிட். காளியாயி ஆறு வாரம் கழித்து, தலைமுடி கொட்டி, வலது காது கேட்காமல் திரும்பி வந்தாள். அன்றைக்கும் மலைக்குப் போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். செல்லசாமி திரும்பவில்லை.

கேடயமும் எங்களுக்குத்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஆஸ்பத்திரியின் நோயாளிகள், தோட்டத்தின் நோயாளிகள் அல்ல என்று பெரிய கிளாக்கர் கண்டுபிடித்தார். அந்த ஒன்பது நாளும் எங்கள் பட்டியலில் ஒரு பெயரும் ஏறவில்லை. விழாவில் பிள்ளைகள் என் பாட்டையே மறுபடி பாடினார்கள்.

விழா முடிந்த மறுவாரம் ஆபீசில் விசாரணை நடந்தது. பீலியைப் பற்றியல்ல. கொப்பளிப்பைப் பற்றியுமல்ல. தோட்டத்தின் சுகாதார ஏற்பாட்டுக்கு இடையூறு செய்து, தோட்டத்துச் சொத்தான வாளியை உதைத்தது யார் என்பதுதான் விசாரணை. அழகுமுத்து, தான்தான் உதைத்ததாகச் சொன்னார். கொப்பளிக்க வைத்ததால்தான் குச்சியில் காய்ச்சல் தெரியவில்லை என்றும் சொன்னார். டாக்டரையா தலையைக் குனிந்துகொண்டு, அது வெறும் சுத்தத்துக்கான ஏற்பாடு என்றார். வரிசையில் நின்ற சனங்கள் சொன்னதை, சீட்டுக்கு ஆசைப்படுகிறவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். படித்த சாட்சி ஒருவன்தான் இருந்தான்.

"மாஸ்டர், நீங்கள் அங்கே இருந்தீர்களே. அந்தப் பெண்ணுக்குக் கொப்பளிக்காமல் நூற்று நாலு இருந்ததைப் பார்த்தீர்களா?" என்று துரை சொன்னதைப் பெரிய கிளாக்கர் தமிழில் கேட்டார்.

பார்த்தேன் என்றால், நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வி வரும். தேநீரும் குச்சியும் அட்டனும் வெளியே வரும். அழகுமுத்து என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நான் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எனக்கு அன்னைக்குக் கடும் காய்ச்சல், சேர். எதையும் கவனிக்கிற நிலையில இல்லை."

டாக்டரையா கையெழுத்திட்ட சீட்டு, ஆகவே ஒருவரும் சந்தேகப்படவில்லை. அழகுமுத்துவின் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவர் ஆபீஸ் படியில் உட்கார்ந்து பிடிவாதம் பிடித்ததால் வேலை போகவில்லை. நொண்டிக் காலோடு புல்லு வெட்டப் போட்டார்கள். வீரம்மா மறுபடி கூடையைக் கட்டிக்கொண்டாள். புதுத் தகரம் போட்ட காம்பரா அவர் இடத்துக்கு வந்தவனுக்குப் போனது. அவன் வாளிக்கு ஒரு மூடியும் வாங்கினான்.

ஆனால் ஒரு பழக்கம் தோட்டத்தில் வந்துவிட்டது. சனங்கள் டிஸ்பென்சரிக்குப் போகும் முன் அழகுமுத்துவின் ஒழுகுகிற காம்பரா வாசலுக்குப் போவார்கள். அவர் புல்லு வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக் கழுத்தில் வைப்பார். அவர் "கொதிக்குது" என்று சொன்னவர் டிஸ்பென்சரிக்கே போகாமல் நேரே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவார். வருகிற பஸ் சத்தம் கேட்டாலே, யார் ஏறுகிறார்கள் என்று டிஸ்பென்சரியில் எட்டிப் பார்ப்பார்கள் என்று கேள்வி.

1965இல் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். டிஸ்பென்சரித் தேநீரை நினைத்தால் குமட்டியது. மூன்றாம் நாள் காலை, ஐந்தாம் லயத்துப் பெண்களோடு நானும் அவர் வாசலில் போய் நின்றேன். என் முறை வந்தபோது கேட்க நினைத்த மன்னிப்பைக் கேட்க முடியவில்லை. நல்லவன் மாதிரி ஏதோ பேசினேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்த வாளிய ஒதைக்க இந்தத் தோட்டத்துல ஒங்க ஒருத்தருக்குத்தான் தைரியம் வந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசம் அதை நெறச்சு வச்சதும் நான் ஒருத்தந்தான், வாத்தியாரய்யா. செல்லசாமி பெரியப்பாவ மொதல்ல கொப்புளிக்கச் சொன்னதும் நாந்தான்."

பிறகு புறங்கையை என் காதுக்குக் கீழே வைத்தார். மண்ணும் புல்லுச் சாறும் மணக்கிற, காய்த்துப்போன கை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இந்தத் தடவ நெசக் காய்ச்சல்தான்" என்றார். "எட்டு மணி பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒங்களுக்குத்தான் அந்த ரோடு தெரியுமே."

என் பின்னால் நின்ற பெண் முன்னால் வந்து கழுத்தைச் சாய்த்தாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.